பழைய பெல்ட்டுக்குப் புது லைனிங்

(திருவண்ணாமலையில் மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று பேசப்போவது பழைய தோல் பெல்ட்டைப் பற்றி. அதைப் பிரித்து, உள்பக்கத்துக்குப் புதுத் தோல் கொடுத்து, மறுபடி இடுப்பில் கட்டும் நிலைக்குக் கொண்டுவருவதைப் பற்றி. சொல்ல வந்த செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு நல்ல பெல்ட் ‘போய்விட்டது’ என்று நாம் ஒதுக்கும்போது, பெரும்பாலும் போயிருப்பது தோல் அல்ல. நூல் இற்றிருக்கும். பசை விட்டிருக்கும். உடம்பில் படுகிற லைனிங் வியர்வையில் ஊறி உரிந்திருக்கும். மேல்தோலோ இன்னும் பல வருஷம் உழைக்கத் தயாராக இருக்கும். அதை நாம் குப்பையில் போடுகிறோம்.

இந்த ஊரில் பெல்ட்டைப் பற்றிப் பேசுகிறவன் மாட்டுச் சந்தையிலிருந்துதான் தொடங்க வேண்டும். தீபத் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்கு நீங்கள் எல்லாரும் போயிருப்பீர்கள். தரகர்கள் துண்டைக் கைமேல் போட்டுக்கொண்டு, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். அவர்களில் வயதானவர்கள் வேட்டிமேல் கட்டியிருக்கும் பெல்ட்டைக் கவனித்திருக்கிறீர்களா? நாலு விரல் அகலம். முன்பக்கம் பட்டன் வைத்த பை. மாடு விற்ற பணம், வெற்றிலைப் பொட்டலம், சாவி, சீட்டு எல்லாம் அதற்குள் அடக்கம்.

அப்படி ஒரு பெல்ட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். வெளிப்பக்கம் கைபட்டுக் கைபட்டுக் கறுத்து மினுங்கியது. மூன்றாவது ஓட்டை மட்டும் நீண்டு முட்டை வடிவமாகியிருந்தது. வருஷக்கணக்காக பக்கிளின் முள் அதிலேயே குத்தி நின்றிருக்கிறது. பக்கிள் மடிப்பில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. உள்ளே திருப்பினால் லைனிங் துணி கந்தலாகக் கிடந்தது. விளிம்பு நெடுக வியர்வை உப்பு வெள்ளைக் கோடாகப் பூத்திருந்தது. தையலில் கறுப்பு, வெள்ளை, காக்கி என்று பல நிற நூல். ஒவ்வொரு நிறமும் ஒரு தடவை செப்பனிட்டதற்குச் சாட்சி. அந்தப் பெரியவருக்கு அதைத் தூக்கிப் போடும் எண்ணமே வந்ததில்லை. “தோல் நல்லாத்தானே இருக்குது” என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை.

அந்தத் தோல் அவ்வளவு நாள் தாங்கியதற்குக் காரணம் அதைப் பதனிட்ட விதம். 1989 வரை நாமும் ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் ராணிப்பேட்டையும் ஒரே வடஆர்க்காடு மாவட்டம். அந்தப் பக்கம் முழுக்கத் தோல் ஷாப்புகள். பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப்போட்டு, மயிரையும் சதையையும் வழித்து, ஆவாரம்பட்டையை இடித்து ஊறவைத்த தண்ணீரில் நாள்கணக்கில் கிடத்துவார்கள். பட்டையிலிருக்கும் துவர்ப்புச் சத்து தோலின் நாருக்குள் மெல்ல இறங்கும். கடைசியாகக் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முக்கு. இந்தக் கடுக்காய் எதற்கென்றால், ஆவாரம்பட்டைத் தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துகொண்டே போகும் குணமுடையது; கடுக்காய் அதைத் தடுக்கும். பிறகு புங்க எண்ணெய் தடவிக் காயவைப்பார்கள். நம் ஜவ்வாது மலை மக்கள் காட்டில் பொறுக்கி இறக்கிவரும் அதே கடுக்காய்தான். பட்டை கொடுப்பதும் பொங்கலுக்கு நாம் பறிக்கும் ஆவாரம்பூவின் செடிதான். இப்படிப் பதனிட்ட தோலுக்கு உலகச் சந்தையில் ஈஸ்ட் இந்தியா தோல், சுருக்கமாக ஈ.ஐ. தோல் என்று பெயர். புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது.

இந்தப் பெருமையைச் சொல்லும்போது சுண்ணாம்புக் குழிக்குள் நின்றவர்களை மறக்கக் கூடாது. திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் அவர்கள் பட்டபாட்டை டி. செல்வராஜ் ‘தோல்’ என்ற நாவலாக எழுதினார். அதற்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. கைத்தொழில் கற்க வந்திருக்கும் தம்பி தங்கைகள் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஆவாரத் தோல் அழியாதது என்று சொல்ல மாட்டேன். நம் பக்கத்துத் தோல் கப்பலேறி இங்கிலாந்து போய்ப் புத்தக அட்டையானது. சில பத்தாண்டுகளில் அந்த அட்டைகள் செம்மண் மாதிரித் தூளாக உதிரத் தொடங்கின. 1900இல் லண்டனில் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் இதற்கென்றே ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. நிலக்கரிப் புகையும் வாயு விளக்கும் கக்கிய கந்தகம் தோலைத் தின்றது ஒரு பக்கம். இந்தியாவிலிருந்து போன வகைத் தோல் அதற்குச் சீக்கிரம் இரையானது இன்னொரு பக்கம். இதில் நமக்கு வேண்டிய பாடம் ஒன்று உண்டு. பழைய பெல்ட்டைப் பிரித்ததும் உள்பக்கத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். சிவப்புத் தூளாகக் கையில் வந்தால் அந்தத் தோலின் நார் செத்துவிட்டது. அதற்கு லைனிங் போடுவது வீண்செலவு. நார் நாராக, கெட்டியாக நின்றால் தைரியமாக வேலையைத் தொடங்கலாம்.

இன்னொரு வகை குரோம் தோல், பட்டைக்குப் பதில் குரோமிய உப்பில் பதனிட்டது. இது தமிழ்நாட்டுக்குள் வந்த கதைக்கும் நம்மைப் போன்ற வானம் பார்த்த ஊர்களுக்கும் தொடர்பு உண்டு. மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்ததைப் பார்த்த பெரியவர்கள் இங்கே இருப்பீர்கள். மாடு பின்னோக்கி வந்து முன்னோக்கி இறங்கும்போது சாலோடு சேர்ந்த தோல் வால் வழியாகத் தண்ணீர் கொட்டும். அந்தத் தோல் நாள் முழுக்க நனையும், காயும், மறுபடி நனையும். பட்டையில் பதனிட்ட தோல் அந்தப் பாட்டுக்குத் தாங்காது, அழுகிவிடும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கலைத் தொழிற்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் குரோம் முறையைச் சோதித்தபோது, அவர் அதைப் பயன்படுத்த நினைத்த பொருள்களில் இந்தக் கவலைத் தோலும் ஒன்று. உழவனின் கிணற்றுக்காக யோசித்த ஒரு தொழில்நுட்பம்! பின்னால் அந்தத் தொழில் பெரிதாகி, சென்னைக்குத் தெற்கே ஒரு குரோம் தோல் கம்பெனி எழுந்தது. அந்தக் கம்பெனியால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர்.

அதே தொழில் அதே உழவனின் கிணற்றைக் கெடுத்தது என்பதையும் இந்த மேடையில் சொல்லத்தான் வேண்டும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், தோல் ஆலைகள் நிறைந்த அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதுமோ பாழாகிவிட்டது என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. 2025 ஜனவரியிலும் பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. ஒருவர் பெல்ட்டைச் செப்பனிட்டால் பாலாறு சுத்தமாகிவிடாது. அப்படி நான் சொல்லவில்லை. அந்தத் தோலுக்காக ஒரு மாடு போயிருக்கிறது, ஒரு கிணறு உப்பாகியிருக்கிறது. அவ்வளவு விலை கொடுத்து வந்த பொருளை இரண்டு வருஷத்தில் தூக்கிப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, கையில் இருக்கும் பெல்ட் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நுனியில் துளி சீவிப் பாருங்கள். வெட்டுவாயில் முழுக்கப் பழுப்பாக இருந்தால் பட்டைத் தோல். நடுவில் சாம்பல் நீலம் தெரிந்தால் குரோம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மேல்பூச்சு இல்லாத பட்டைத் தோல் உடனே குடித்துக் கறுக்கும். இரண்டுமே செப்பனிடத் தகுந்தவை. தகாதது மூன்றாவது வகை. தோல் தூளைப் பசையில் குழைத்துத் தகடாக்கி, மேலே பிளாஸ்டிக் பூச்சுக் கொடுத்து, ‘ஜெனியூன் லெதர்’ என்று முத்திரை குத்தி விற்கிறார்கள். மடித்தால் செதில் செதிலாகப் பூச்சு உரியும். உள்ளே நாரே இருக்காது. அதில் ஊசி பிடிக்காது. எந்தத் தொழிலாளியாலும் அதைக் காப்பாற்ற முடியாது. இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று வருஷம் ஒன்று வாங்குகிறோம். ஆறு வருஷத்துக் கணக்கைக் கூட்டினால் ஒரு நல்ல தோல் பெல்ட்டின் விலை வந்துவிடும்.

இப்போது வேலைக்கு வருகிறேன். இது பக்குவமான வேலை. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் பிரிப்பது. லைனிங்கைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் நூல் தோலை அறுத்துக்கொண்டு வரும். மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக நூலைக் கத்தி முனையால் வெட்டி, மிச்சத்தை ஒவ்வொன்றாக உருவ வேண்டும். பக்கிளைக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். பழைய பசையை உளியின் மழுங்கிய பக்கத்தால் சுரண்டி, உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். வியர்வை உப்பை ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவிட வேண்டும். அவசரத்துக்கு வெயிலில் போட்டால் தோல் முறுக்கிக்கொள்ளும்; ஒரு சித்திரை வெயில் போதும், பெல்ட் விறகாகிவிடும்.

அடுத்தது லைனிங் தோல். இதற்கு ரெக்சின் வேண்டவே வேண்டாம். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். வியர்வையை வெளியே விடாது. வியர்வை மேல்தோலுக்கும் ரெக்சினுக்கும் நடுவில் தேங்கிப் பசையைக் கரைக்கும், நூலை இற்றுப்போகச் செய்யும். ஒரு மில்லிமீட்டர் முதல் ஒன்றரை மில்லிமீட்டர் வரை கனமுள்ள பட்டைத் தோல்தான் சரி, ஆட்டுத் தோலானாலும் மாட்டுத் தோலானாலும். அதன் மயிர்ப்புறம் உடம்பைப் பார்க்க வேண்டும், சதைப்புறம் பசைக்கு. அகலத்தில் இரண்டு பக்கமும் கொஞ்சம் கூடுதலாக வெட்டிக்கொண்டு, ஒட்டிய பிறகு சீவிச் சரிசெய்துகொள்ளலாம்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. பலரும் பெல்ட்டைப் பலகைமேல் நேராக நீட்டி வைத்து லைனிங்கை ஒட்டிவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். இடுப்பில் கட்டிய அன்றே உள்பக்கம் சுருக்கம் சுருக்கமாக விழும். ஏன்? பெல்ட் வட்டமாகும்போது உள்தோல் போகும் வட்டம் சிறியது, வெளித்தோல் போகும் வட்டம் பெரியது. இரண்டு தோல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 2 மில்லிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டக் கணக்குப்படி அதை 6.28ஆல் பெருக்கினால் பன்னிரண்டரை மில்லிமீட்டர் வரும். அதாவது ஒரு சுற்றுக்கு லைனிங் ஒன்றேகால் சென்டிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும். இடுப்பு முப்பது அங்குலமானாலும் நாற்பத்திரண்டானாலும் இந்த வித்தியாசம் மாறாது. தோலின் கனம்தான் அதைத் தீர்மானிக்கிறது. கணக்குத் தெரியாமலே பழைய தொழிலாளிகள் இதைச் செய்தார்கள். பெல்ட்டை ஒரு டின்னின்மேல் வளைத்து உள்பக்கம் வெளியே தெரியும்படி பிடிக்க மாட்டார்கள். கட்டும்போது எந்தப் பக்கம் வளையுமோ அந்தப் பக்கமே வளைத்து, ஒரு முனையிலிருந்து சாண் சாணாக ஒட்டிக்கொண்டே போவார்கள். இரண்டு பக்கமும் சொல்யூஷன் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை காயவிட்டு, அப்புறம்தான் சேர்ப்பார்கள். பசை ஈரமாக இருக்கும்போது சேர்த்தால் உள்ளே கொப்புளம் நிற்கும்.

தையலுக்கு வருவோம். பழைய பெல்ட்டைக் கொண்டுபோனால் கடையில் மிஷினில் கொடுத்து ஒரே ஓட்டாக ஓட்டித் தருவார்கள். நன்றி சொல்லி வாங்கி வருகிறோம். மிஷின் ஊசிக்குப் பழைய ஓட்டை தெரியாது. அதன் பக்கத்திலேயே புது ஓட்டைகளைக் குத்திக்கொண்டு போகும். பழையதும் புதியதுமாக விளிம்பு நெடுகத் துளை விழுந்து, தபால்தலைத் தாள் கிழிவது போல ஒருநாள் ஓரமே தனியாகக் கிழிந்து வரும். ஆகவே பழைய மேல்தோலைக் கையால்தான் தைக்க வேண்டும், பழைய ஓட்டையிலேயே தைக்க வேண்டும். நம் தெருவோரத் தொழிலாளி இதை எப்படிச் செய்கிறார் என்று நின்று பாருங்கள். குத்தூசியின் முனையில் சின்னக் கொக்கி இருக்கும். மேலேயிருந்து பழைய ஓட்டை வழியாக ஊசியை இறக்கி, அடியில் இடதுகை நீட்டும் மெழுகு நூலைக் கொக்கியில் மாட்டி, வளையமாக மேலே இழுப்பார். நூலின் இன்னொரு முனையை அந்த வளையத்துக்குள் நுழைத்து, இரண்டு கையாலும் ஒரு சுண்டு. முடிச்சு தோலின் கனத்துக்குள் புதைந்துவிடும். ஊசி அடுத்த ஓட்டைக்குப் போயிருக்கும். இடதுகை அடியில் செய்வதை அவர் பார்ப்பதே இல்லை, விரலுக்கே தெரியும்.

அந்த வேகத்தைச் சங்ககாலத்துப் புலவர் ஒருவர் கண்டிருக்கிறார். புறநானூற்றின் 82ஆம் பாட்டு, சாத்தந்தையார் பாடியது. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகாலம், மழை, பொழுது சாய்கிற நேரம்; அந்த அவசரத்தில் ஒரு தொழிலாளி வாரால் கட்டில் பின்னுகிறான். அவன் ஊசி போகும் வேகம்தான் போரவைக் கோப்பெருநற்கிள்ளியின் மற்போர் வேகத்துக்கு உவமை. அரசனைப் பாட வந்த புலவருக்கு அந்தக் கையைவிட வேகமான ஒன்று கிடைக்கவில்லை. அந்தக் கைக்காரனைச் சமூகம் கீழே வைத்திருந்ததும் அதே பாட்டில் தெரிகிறது.

மிச்ச வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விளிம்பைச் சீவி, உப்புத்தாள் போட்டு, ஈரம் தொட்டு வழவழப்பான மரக்கட்டையால் தேய்த்தால் பட்டைத் தோலின் ஓரம் கண்ணாடியாக மின்னும், பெயிண்ட் வேண்டியதில்லை. நீண்டுபோன ஓட்டைக்கு அடியில் புது லைனிங் வந்துவிடுவதால் அதில் மட்டும் சரியான அளவில் வட்டமாகப் பஞ்ச் அடித்தால் முள் பழைய இடத்தில் நிற்கும். பக்கிள் மடிப்பில் வெடிப்பு ஆழமாக இருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு, புதிதாகச் சீவி மடிக்கலாம். பெல்ட் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் குறையும், அவ்வளவுதான். எண்ணெய் விஷயத்தில் ஒரு வார்த்தை. தேங்காயெண்ணெயை ஊற்றி ஊறவைப்பவர்கள் இருக்கிறார்கள். தோல் தளர்ந்து நீளும், பசை விடும், ஐப்பசி மழையில் பூசணம் பிடிக்கும். துணியில் தொட்டு, வெளிப்பக்கம் மட்டும், பூசியும் பூசாமலும் தடவினால் போதும்.

பெல்ட் என்று சொன்னாலும் இந்த முறை எல்லா வாருக்கும் பொருந்தும். பஸ் கண்டக்டரின் தோல் பைக்கு, பள்ளிப் பைக்கு, காளையின் சலங்கைப் பட்டைக்கு, எல்லாவற்றுக்கும் இதே வேலைதான். கோயிலில் தவிலும் மிருதங்கமும் முழங்குகின்றன. அவற்றைப் பேச வைப்பதும் தோல்தான், தோலைத் தொட்டுப் பிழைத்த கைதான். அந்தக் கையைத் தலைமுறை தலைமுறையாகச் சாதிச் சிறைக்குள் பூட்டி வைத்தோம். தோல் தொழிலில் கட்டுண்டிருந்த அருந்ததியர் மக்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போவதைக் கண்டு நான் மகிழ்கிறேன், போகத்தான் வேண்டும். 2009இல் தமிழ்நாடு அவர்களுக்குக் கொடுத்த உள் ஒதுக்கீடு 2024இல் உச்ச நீதிமன்றத்தின் பெரிய அமர்விலும் நிலைத்தது. ஆனால் பிறப்பால் வந்த கட்டாயம் ஒழிய வேண்டுமே தவிர, கலை ஒழியக் கூடாது. யார் வேண்டுமானாலும் கற்கட்டும். நம் மாவட்டத்துச் செய்யாறு சிப்காட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் உலகச் சந்தைக்குக் காலணி தைக்கிறார்கள். ஆலையில் ஒருவர் ஒரு தையலை மட்டும் அறிவார். ஒரு பொருளை முழுதாகப் பிரித்து மறுபடி முழுதாகச் சேர்க்கத் தெரிந்தவர் தெருவோரத்தில் குடையடியில் இருப்பவர்.

அவருக்கு இடம் வேண்டும். 2014ஆம் ஆண்டு தெருவோர வியாபாரிகள் சட்டம் பொருள் விற்பவரை மட்டுமல்ல, தெருவில் மக்களுக்குச் சேவை செய்பவரையும் சேர்த்தே காக்கிறது. கூட்டம் பெருகும் திருவிழா நாட்களில் முதலில் எழுப்பப்படுபவர் அவர்தான். லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து, அறுந்த செருப்போடும் வாரோடும் தேடுவதும் அவரைத்தான். நம் ஊர் 2024 முதல் மாநகராட்சி. பஸ் நிலையத்தின் பக்கத்திலும் கிரிவலப் பாதையிலும் இவர்களுக்கென்று நிரந்தர இடம் குறித்துக் கொடுக்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்கள் உண்டு, தோல் கைவினையும் அதில் உண்டு. 35 வயது நிறைந்தவர்களுக்கு மூன்று லட்சம் ரூபாய் வரை கடன், 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுங்கள், தம்பிகளே. உங்களுக்கு அரை மணி நேர வேலை.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் பழைய பெல்ட்டை எடுத்துப் பாருங்கள். அப்பா கட்டியதாக இருக்கலாம், தாத்தா கட்டியதாக இருக்கலாம். நார் கெட்டியாக இருந்தால் கொண்டுபோய்க் கொடுங்கள். ரெக்சின் வேண்டாம், பட்டைத் தோல் போடுங்கள், பழைய ஓட்டையிலேயே கையால் தையுங்கள் என்று சொல்லுங்கள். இரண்டு நாள் கேட்டால் இரண்டு நாள் கொடுங்கள். அவர் சொல்லும் கூலியில் பேரம் பேசாதீர்கள்.